இராமகாதை மரபில் ஓர் அசைவூட்டப் படம்: 'ராமாயணா' (1992) – ஒரு வரலாற்று மறுமதிப்பீடு

முன்னுரை

இராமகாதை ஒரு நூலாக மட்டும் வாழ்ந்து வந்ததன்று. காவியமாகவும் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் கோயிற் சிற்பமாகவும் ஓவியமாகவும் அது பல வடிவங்களில் வாழ்ந்து வந்துள்ளது. ஒவ்வொரு காலமும் தனக்கு வாய்த்த ஊடகத்தில் அக்கதையை மீண்டும் சொல்லிப் பார்த்துள்ளது. அவ்வரிசையில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது அனிமேஷன் எனப்படும் அசைவூட்டக் கலை. ஜப்பானியரான யூகோ சாகோ, கோயிச்சி சசாகி, இந்தியரான ராம் மோகன் ஆகிய மூவரின் இயக்கத்தில் 1992ஆம் ஆண்டு நிறைவுற்ற 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்னும் படம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கதாகும்.

இப்படம் பொதுவாக இரு நிலைகளில் நோக்கப்பட்டு வந்துள்ளது. ஒன்று, சிறுவர்க்கான தொலைக்காட்சிப் படம் என்னும் நிலை. மற்றொன்று, அயல்நாட்டார் இந்தியக் கதையை எடுத்தாண்ட அரிய முயற்சி என்னும் நிலை. இவ்விரு நோக்குகளும் படத்தை இராமகாதை மரபிற்கு வெளியே நிறுத்துகின்றன. தென்னிந்தியக் கதைசொல்லல் மரபோடு, சிறப்பாகத் தோல்பாவைக் கூத்தோடும் கம்பன் வழிப்பட்ட கதைப்பகுப்போடும், ஒப்பிட்டு நோக்கும்போது இப்படம் அம்மரபிற்கு உள்ளேயே இடம்பெறத்தக்கது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். 2025ஆம் ஆண்டு இப்படம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தமை இம்மறுமதிப்பீட்டிற்குத் தக்க சூழலை அளித்துள்ளது.

படம் உருவான வரலாறு

ஆவணப்பட இயக்குநரான யூகோ சாகோ, 1983ஆம் ஆண்டு 'தி ராமாயணா ரெலிக்ஸ்' என்னும் ஆவணப்படத்திற்காக இந்தியா வந்தார். தொல்லியலறிஞர் பி.பி. லால் அலகாபாத் அருகே நிகழ்த்திய அகழாய்வுகள் அவ்வாவணப்படத்தின் பொருளாகும். அப்பணியின்போதே இராமாயணக் கதை அவருக்கு அறிமுகமாயிற்று. பின்னர் அவர் ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து இராமாயண வடிவங்களைப் படித்து, அக்கதையைப் படமாக்கும் எண்ணத்தை வளர்த்துக்கொண்டார்.

இராமன் தெய்வமாகப் போற்றப்படுபவன். அவனை ஒரு நடிகரின் உடல்வழிக் காட்டுவதைவிட ஓவியத்தின்வழிக் காட்டுவதே தகும் என்பது சாகோவின் கருத்தாக இருந்தது. அசைவூட்டத்தை அவர் தேர்ந்தமைக்கு இக்கருத்து முதன்மையான காரணமாகும். வேடிக்கை ஊடகம் என்று கருதி அவர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகன் (1931–2019) இம்முயற்சியில் இணைந்தார். மத்திய அரசின் திரைப்படப் பிரிவில் 1956ஆம் ஆண்டு அமைந்த அசைவூட்டப் பகுதியில் பயின்று வளர்ந்தவர் அவர். அங்குப் பயிற்சி அளித்தவர் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ். அப்பகுதி 1957இல் உருவாக்கிய 'தி பான்யன் டீர்' என்னும் படம் புத்த சாதகக் கதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே, அயல்நாட்டுத் தொழில்நுட்பமும் இந்தியப் பழங்கதையும் இணைவது இந்திய அசைவூட்டக் கலையின் தொடக்கத்திலேயே நிகழ்ந்த ஒன்றாகும்.

படத்தின் பெரும்பகுதி ஜப்பானில் வரையப்பட்டது. ஏறத்தாழ 450 கலைஞர்கள் பங்கேற்க, ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளிபுகும் தாள்கள் கையால் தீட்டப்பட்டன. வேட்டி உடுத்தும் முறை, வணங்கும் முறை, நடை, கையசைவு முதலியவற்றில் இந்தியக் கலைஞர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்கு வழிகாட்டினர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். ஆங்கில உரையாடல் கொண்ட மூலப் பதிப்பில் பாடல்கள் சமஸ்கிருதத்தில் அமைந்தன. படத்தின் நீளம் 135 நிமிடங்கள்.

எதிர்ப்பும் அதன் அடிப்படையும்

1983இல் சாகோவின் ஆவணப்படம் பற்றி நாளிதழ் ஒன்றில் வெளிவந்த செய்தி தவறாகப் பொருள்கொள்ளத் தக்கதாய் இருந்தது. அதனையொட்டி விசுவ இந்து பரிஷத் டில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்திற்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. இராமாயணம் இந்தியாவின் தேசியச் செல்வம். அயல்நாட்டார் தம் விருப்பப்படி அதனைப் படமாக்குதல் கூடாது என்பது அக்கடிதத்தின் சாரம். இப்பிணக்கு பின்னர் நீங்கியது.

இதனையடுத்து, இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகப் படத்தை உருவாக்கும் திட்டத்தைச் சாகோ இந்திய அரசின்முன் வைத்தார். முதலில் இசைந்த அரசு பின்னர் மறுத்துவிட்டது. இராமாயணம் நுட்பமான உணர்வுகளோடு தொடர்புடையது. அதனைக் கேலிச்சித்திர வடிவில் காட்டுதல் இயலாது என்பது மறுப்பிற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆதலின் ஜப்பானிய நிறுவனமே தனித்துப் படத்தை உருவாக்கிற்று.

இங்கு இருவேறு எதிர்ப்புகள் உள்ளன. கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பது ஒன்று. எவ்வடிவில் சொல்லலாம் என்பது மற்றொன்று. அதே பத்தாண்டில், 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை, இராமானந்த சாகரின் 'ராமாயண்' தொடரை அரசுத் தொலைக்காட்சியே ஒளிபரப்பியது. நடிகர் இராமனாகத் தோன்றுவது ஏற்கப்பட, வரைந்த உருவம் இராமனாகத் தோன்றுவது ஐயத்திற்குரியதாயிற்று. தென்னிந்தியக் கலை வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும். ஏனெனில், வரைந்து வெட்டிய உருவங்களை அசைத்து இராமகாதை சொல்லும் வழக்கம் தென்னகம் முழுவதும் பரவிக் கிடந்த ஒன்றாகும்.

தோல்பாவையும் அசைவூட்டமும்

தமிழகத்துத் தோல்பாவைக் கூத்து, கேரளத்துத் தோல்பாவைக் கூத்து, கன்னட நாட்டின் தொகலு கொம்பெயாட்டம், ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டம் ஆகிய நான்கிலும் இராமகாதைக்குச் சிறப்பிடம் உண்டு. பதப்படுத்திய தோலில் உருவம் வரைந்து, வெட்டி, துளையிட்டு, விளக்கொளியின்முன் அசைத்துத் திரையில் கதை நிகழ்த்துவர்.

இக்கூத்திற்கும் கையால் வரைந்த அசைவூட்டப் படத்திற்கும் உள்ள ஒப்புமைகள் மேலோட்டமானவை அல்ல. தமிழகப் பாவைகள் ஒளி ஊடுருவுமாறு மெலிதாக்கிய ஆட்டுத்தோலில் வண்ணம் தீட்டப் பெறுபவை. அசைவூட்டப் படத்தில் ஒளிபுகும் தாளில் கோட்டுருவம் வரைந்து அதன் பின்புறம் வண்ணம் நிரப்புவர். கூத்தில் மரம், மாளிகை முதலியன திரையில் நிலையாகப் பொருத்தப்பட, பாத்திரங்கள் மட்டும் அசையும். படத்திலும் பின்புலம் ஒரே ஓவியமாக நிலைத்திருக்க, மேலடுக்கில் உள்ள உருவமே மாறிக்கொண்டிருக்கும். இருக்கும் நிலை, நிற்கும் நிலை, நடக்கும் நிலை, போர் புரியும் நிலை என ஒரே பாத்திரத்திற்குப் பல பாவைகளை வைத்திருப்பது கூத்தர் வழக்கம். அசைவூட்டக் கலைஞரும் ஒரு பாத்திரத்தின் பல நிலைகளை முன்னரே வரைந்து வைத்துக்கொண்டே பணியைத் தொடங்குவர். கூத்தில் பல பாத்திரங்களுக்கும் கூத்தரே குரல் கொடுப்பர். படத்திலும் உருவம் ஒருவருடையதாகவும் குரல் வேறொருவருடையதாகவும் அமையும்.

அசைவூட்டக் கலையின் உலக வரலாறும் இத்தொடர்பை மெய்ப்பிக்கிறது. இன்று கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது, ஜெர்மானியப் பெண் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926இல் வெளியிட்ட 'இளவரசர் அக்மதுவின் சாகசங்கள்' ஆகும். அது வெட்டிய நிழலுருவங்களால் ஆனது. ஆகவே நிழற்பாவையும் அசைவூட்டமும் உறவுடைய கலைகள் எனலாம்.

உரிமை பற்றிய வினாவிற்கும் கூத்து மரபு விடை தருகிறது. தமிழகத்தில் தோல்பாவைக் கூத்தைத் தமிழில் நிகழ்த்துவோர் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தார் ஆவர். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் கூத்தில் கம்பனின் தமிழ்ப் பாடல்களே ஓதப்படுகின்றன. விளக்கவுரை மலையாளம் கலந்து அமைகிறது. இக்கூத்து பற்றி ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூல் விரிவான ஆய்வாகும். ஒரு மொழியார் வேறொரு மொழியின் காவியத்தைத் தமக்குரிய கலையில் பேணிக் காத்த இவ்வரலாற்றை நோக்கின், இராமகாதை ஒரு மொழி எல்லைக்கோ ஓர் இனத்தின் எல்லைக்கோ உட்பட்டு வாழவில்லை என்பது தெளிவாகும்.

ஜப்பானும் இக்கதைக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் தைரா நோ யாசுயோரி தொகுத்த 'ஹோபுட்சுஷூ' என்னும் பௌத்தக் கதைத் தொகுதியில் இராமகாதையின் வடிவம் ஒன்று இடம்பெற்றுள்ளது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் சாகோ அக்கதையை மீண்டும் எடுத்தாண்டுள்ளார்.

கதைப்பகுப்பு

கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது ஒவ்வொரு மறுசொல்லலிலும் முதன்மையான முடிவாகும். இப்படம் இராமனின் பிறப்பை விரித்துரைக்காமல், விசுவாமித்திரர் தசரதனிடம் வந்து இராமனைத் தம்முடன் அனுப்பக் கேட்கும் நிகழ்ச்சியிலிருந்து கதையை நடத்துகிறது. தாடகை வதம், வில் முறித்தல், கானேகல், சீதையைக் கவர்தல், வாலி வதம், அனுமன் இலங்கை சேர்தல், அணை கட்டுதல், போர் எனச் சென்று அயோத்திக்கு மீள்வதோடு நிறைவுறுகிறது. உத்தரகாண்ட நிகழ்ச்சிகள் சேர்க்கப்படவில்லை.

இப்பகுப்பு தமிழ் மரபிற்கு இயல்பானது. கம்பன் ஆறு காண்டங்களோடு முடிசூட்டு விழாவில் தன் காப்பியத்தை நிறுத்தினான். தமிழில் வழங்கும் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குவது. கேரளக் கூத்தில் பல கோயில்களில் பஞ்சவடி நிகழ்ச்சியிலிருந்து தொடங்கி முடிசூட்டுடன் முடிப்பர். இராஜாஜி 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலிலும் உத்தரகாண்டக் கதையைத் தொடரவில்லை. காட்டிற்கு மீண்டும் அனுப்பப்படும் சீதையைச் சொல்லாது விடும் இவ்வரிசையில் படமும் சேர்கிறது.

இவ்வாறு விடுவது மட்டுமே மரபன்று, மாற்றுவதும் மரபே. கன்னடக் கவிஞர் குவெம்பு தம் 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' காவியத்தில், தீயினுள் சீதையோடு இராமனும் புகுவதாக அமைத்தார். சமண சமயத்தைச் சார்ந்த நாகசந்திரன் கன்னடத்தில் தன் சமய நெறிக்கேற்ப இராமகாதையை அமைத்தான். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஏ.கே. இராமானுஜன், இராமாயணங்கள் பல என்பதை விளக்கிய கட்டுரை 1991இல் பாலா ரிச்மன் தொகுத்த நூலில் வெளிவந்தது. படம் நிறைவுற்றதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த அக்கட்டுரை 2011இல் டில்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. பன்மை பற்றிய ஆய்வும் பன்மைக்குச் சான்றான படமும் ஒரே காலச் சூழலில் இடர்ப்பட்டமை கருதத்தக்கது.

வெளியீட்டுத் தடை

படம் நிறைவுற்ற 1992ஆம் ஆண்டின் டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பம்பாய் உள்ளிட்ட பல நகரங்களில் கலவரங்கள் மூண்டன. 1993 ஜனவரியில் புதுதில்லியில் நிகழ்ந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. ஆயினும் நாடு தழுவிய திரையரங்கு வெளியீடு அதற்கு அன்று வாய்க்கவில்லை.

பின்னர் இந்திப் பதிப்பில், தொலைக்காட்சித் தொடரில் இராமனாக நடித்த அருண் கோவிலே இராமனுக்குக் குரல் கொடுத்தார். இராவணனுக்கு அம்ரீஷ் புரி குரல் கொடுத்தார். ஜப்பானில் 1997இல் திரைக்கு வந்தது. அமெரிக்கப் பதிப்பு சுருக்கப்பட்டு வேறு பெயரில் வெளிவந்தது. இந்தியாவில் தொலைக்காட்சி வழியாகவே படம் பரவலாக அறியப்பட்டது. சிறுவர் படம் என்னும் மதிப்பீடு உருவானதற்குச் சிறுவர் அலைவரிசைகளில் அது ஒளிபரப்பானமை ஒரு காரணமாகும். 2012இல் சாகோவும் 2019இல் ராம் மோகனும் காலமாயினர். 4கே தரத்தில் சீரமைக்கப்பட்ட படம் 2025 ஜனவரி 24 அன்று ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளிலும் இந்தியத் திரையரங்குகளில் வெளியாயிற்று. இயக்கிய இருவரும் அதனைக் காண இருக்கவில்லை.

பன்மொழிச் சூழல்: ஸ்ரீராம்புரம்

தமிழ்ப் பதிப்பின் வரலாற்றுப் பொருளை விளங்கிக்கொள்ளத் தமிழகத்திற்கு வெளியே தமிழர் வாழும் ஓரிடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெங்களூரின் மேற்குப் பகுதியில் மல்லேசுவரத்தையும் ராஜாஜிநகரையும் அடுத்துள்ள ஸ்ரீராம்புரம் அத்தகையது. துணியாலைத் தொழிலாளர்களும் பிற உழைக்கும் மக்களும் குடியேறி வளர்ந்த இப்பகுதியில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். இராமன் பெயரையே தாங்கிய இவ்வூர்ப் பகுதியில் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தெலுங்கும் தொலைக்காட்சியில் இந்தியும் என இராமகாதை பல மொழிகளில் செவிக்கு எட்டும்.

2014 மார்ச் 1 அன்று இப்பகுதிவழி மெட்ரோ தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. அதன் பசுமைத் தடத்தில் அடுத்தடுத்து அமைந்த மூன்று நிலையங்கள் ஸ்ரீராம்புரம், மகாகவி குவெம்பு சாலை, ராஜாஜிநகர் என்பன. முதலாவது காவியத் தலைவன் பெயர் கொண்டது. இரண்டாவது, அக்கதையைக் கன்னடத்தில் பாடி 1967ஆம் ஆண்டிற்கான ஞானபீட விருது பெற்ற கவிஞரின் பெயர். மூன்றாவது, அக்கதையைத் தமிழ் உரைநடையில் எழுதி 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரின் பெயர். இவ்வமைப்பு தற்செயலானதே. எனினும், இராமகாதையின் உண்மையான இருப்பு நிலையை இது காட்டுகிறது: ஒரே நிலப்பரப்பில், அண்டை மொழிகளில், ஒன்றையொன்று விலக்காமல் அது வாழ்கிறது.

மக்களின் வாழ்வு அத்துணை இணக்கமாக எப்போதும் அமைந்ததில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் கடும் வன்முறைக்கு ஆளாயினர். காவிரிச் சிக்கல் முற்றும் வேளைகளில் அந்நகரில் தமிழ்ப் படங்களின் திரையிடல் நிறுத்தப்படுவதும் நிகழ்ந்துள்ளது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அயோத்தி நிகழ்ச்சி. நதியும் கதையும் ஒருவருக்கே உரியவை என்னும் எண்ணம் வலுத்த அந்த இரு டிசம்பர்களுக்கு இடையில்தான் இப்படம் நிறைவுற்றது. இத்தகைய சூழலில் வாழும் தமிழ்ச் சிறுவருக்கு இராமகாதை தம் மொழியில் திரையரங்கில் கிடைப்பது சிறு செய்தியன்று. 2025 வரை பரவலாக அறியப்பட்ட பதிப்புகள் ஆங்கிலமும் இந்தியுமே ஆகும். கம்பன் வழிப்பட்ட பகுப்பைக் கொண்ட படம் கம்பனின் மொழியில் திரையரங்கு சேர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

படத்தின் குறைபாடுகள்

மறுமதிப்பீடு என்பது பாராட்டு மட்டும் ஆகாது. 135 நிமிடங்களில் ஆறு காண்டங்களை அடக்க முயன்றமையால், பாத்திரங்களின் உள்ளப் போராட்டங்களைவிட நிகழ்ச்சிகளின் ஓட்டமே மேலோங்கி நிற்கிறது. கம்பனின் கும்பகருணன் செஞ்சோற்றுக் கடனுக்கும் அறத்திற்கும் இடையே நின்று பேசும் பேச்சுகளை இப்படத்தில் எதிர்பார்க்க இயலாது. அவன் பேருருவமும் போரின் வியப்புமே இங்கு முதன்மை பெறுகின்றன.

அரக்கர் பெரும்பாலும் கோர வடிவினராகத் தீட்டப்பட்டுள்ளமையும் நோக்கத்தக்கது. தமிழில் இது கடுமையான விவாதத்திற்கு உட்பட்ட பொருள். புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட 'இராவண காவியம்' இராவணனைத் தலைவனாக்கியது. 1948இல் தடை செய்யப்பெற்ற அந்நூல் 1971இல் தடை நீங்கப் பெற்றது. அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' கம்பனின் நடுவுநிலையையே வினாவிற்கு உட்படுத்தியது. இவ்வெதிர் மரபைப் படம் அறிந்ததற்கான சுவடு இல்லை. எனவே தமிழ்ப் பார்வையாளர் இப்படத்தை இம்மரபின் ஒரு குரலாகக் கொள்ளலாமேயன்றி முழுக் குரலாகக் கொள்ளுதல் இயலாது. ஆயின் இக்குறை எந்த ஒரு தனி இராமாயணத்திற்கும் பொருந்துவதே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

அசைவூட்ட வடிவம் இராமகாதைக்குத் தகாதது என்னும் கருத்து, வரைந்த உருவங்களை ஒளியின்முன் அசைத்துக் கதை சொன்ன தென்னிந்தியக் கூத்து மரபால் மறுக்கப்படுகிறது.

அயலார் சொல்லலாகாது என்னும் கருத்து, மராத்திய மொழியார் தமிழிலும் கேரளத்தார் கம்பன் பாடல்களிலும் இக்கதையைப் பேணிய வரலாற்றால் வலுவிழக்கிறது.

முடிசூட்டுடன் நிறைவுறும் கதைப்பகுப்பில் படம் கம்பன், இராஜாஜி ஆகியோர் வழியோடு ஒத்துச் செல்கிறது.

படம் அக்காலத்தில் மக்களைச் சென்றடையாமைக்கு அதன் கலைத்தரம் காரணமன்று. கதையின் உரிமை பற்றி 1983 முதல் இறுகி வந்த எண்ணமும் 1992இன் சூழலுமே காரணங்கள்.

ஆகவே 1992ஆம் ஆண்டின் 'ராமாயணா' இராமகாதை மரபு மேற்கொண்ட வடிவங்களுள் ஒன்றாகவே கருதப்படல் வேண்டும். தோல்பாவைக் கூத்து ஆய்வுகளோடு இணைத்துப் பயிலுவதும், ஆங்கில, இந்தி, தமிழ்ப் பதிப்புகளின் உரையாடல்களை ஒப்பிட்டு ஆராய்வதும் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.